பனங்காயில் துணி துவைத்த கதையும், வீட்டிலே சவுக்காரம் செய்யும் முறையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போய்வந்த தோட்டத்து ஆட்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "என்னதான் தேய்ச்சாலும் அங்க சவுக்காரம் நுரைக்கவே மாட்டேங்குது. தலையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு" என்பார்கள். மட்டமான சவுக்காரத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களும் உண்டு. பாவம், அவர் மேல் பிழை இல்லை. பிழை தண்ணீரில்.

யாழ்ப்பாணக் குடாநாடும், அதை அடுத்த ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கின்றன. மழைத்தண்ணீர் அந்தக் கல்லில் ஊறித்தான் கிணற்றுக்கு வருகிறது. வரும்போது சுண்ணாம்புச் சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தீவுகளில் கடல் உவரும் சேர்ந்துவிடும். சவுக்காரம் இந்தச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாகிறது. தலையில் பிசுபிசுத்தது அதுதான். சுண்ணாம்புச் சத்து முழுதும் தீர்ந்த பிறகுதான் நுரை வரும். அதற்குள் பாதிக் கட்டி கரைந்து போயிருக்கும்!

அப்படியானால் அந்த ஊர்ச் சனங்கள் என்ன செய்தார்கள்? தலைக்கு இலுப்பை அரப்பு வைத்தார்கள். துணிக்குப் பனங்காயை எடுத்தார்கள். பனைக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே. ஆவணி மாதத்தை ஒட்டிப் பழுத்து விழும் பனங்காயின் மூடியைக் கழற்றி, கறுப்புத் தோலை உரித்து, தும்போடு தண்ணீரில் பிசைந்தால் மஞ்சள் களி வரும், நுரையும் வரும். தும்பையே தேய்க்கும் நாராக வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் நிறம் துணியில் ஒட்டும்தான். ஆனால் நல்ல வெயிலில் காயப்போட்டால் மெல்ல மங்கிவிடும். கொடியில் போட்ட துணிக்குக் காவல் இருக்க வேண்டும். பழ வாசத்துக்கு மாடு வந்து துணியைச் சப்பிவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இது பாட்டிமார் காலத்துப் பழக்கம். மறந்துபோன இந்தப் பழக்கம் 1990இல் திரும்பி வந்தது. அந்த வருடம் ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதும், குடாநாட்டுக்குப் போகும் பொருட்களுக்குத் தடை வந்தது. சவுக்காரமும் அந்தத் தடைக்குள் அடங்கியது. தீவுகளை விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களும் அப்போது குடாநாட்டுக்குள் நெருங்கி இருந்தன. கட்டி கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை பனங்காயில்தான் வெளுத்தது. அதே யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரம் செய்து பெயர் வாங்கிய க. கனகராசா என்னும் தொழிலதிபர் பனம் விதை நடச்சொல்லி ஊரூராகச் சொன்னவர். சவர்க்காரம் இல்லாத காலத்துக்குப் பனை உதவியது!

பனங்களி ஏன் நுரைக்கிறது? அதில் சப்போனின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. சுண்ணாம்புத் தண்ணீரோடு இது மல்லுக்கு நிற்காது, எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். மலையில் நமக்குப் பனை இல்லை. ஆனால் இதே சப்போனின் பூந்திக்கொட்டையிலும் இருக்கிறது. சிங்களத்தில் பெனெல என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். விதையை நீக்கி, 15 அல்லது 20 கொட்டையின் தோலை ஒரு லீற்றர் தண்ணீரில் இராத்திரி ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் துணிக்கும் தலைக்கும் ஆகும். கண்ணில் பட்டால் எரியும். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கொஞ்சமாகவே காய்ச்சுங்கள். மிச்சத்தை மீன் உள்ள குளத்தில் ஊற்றாதீர்கள், மீன் சாகும்.

இனிக் கட்டிச் சவுக்காரம். மாத்தளைப் பக்கம் சுண்ணாம்புக்கல் உள்ள இடங்களை விட்டால், நம் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மெல்லிய தண்ணீர், கொஞ்சம் தேய்த்தாலே நுரைக்கும். தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரம் உவர்த் தண்ணீரிலும் மற்றதை விட நன்றாக நுரைக்கும். ஆகவே இங்கே செய்து தீவுக்குப் போகும்போதும் கொண்டுபோகலாம்.

வேண்டியது 500 கிறாம் தேங்காய் எண்ணெய், 80 கிறாம் கோஸ்டிக் சோடா, 200 கிறாம் தண்ணீர். மூன்றையும் தராசில் நிறுங்கள், கோப்பைக் கணக்கு வேண்டாம். சலவைச் சோடாவும் அப்பச் சோடாவும் இதற்கு ஆகாது. எண்ணெய் கொஞ்சம் மிஞ்சும்படிதான் இந்த அளவு. சோடா மிஞ்சினால் தோல் வெந்துவிடும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கோஸ்டிக் சோடா பொல்லாதது. கண்ணில் பட்டால் பார்வை போகும், குழந்தை வாயில் போட்டால் தொண்டை வெந்துபோகும். தவழும் பிள்ளை உள்ள லயத்துக் காம்பராவில் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்குப் பூந்திக்கொட்டையே போதும். மற்றவர்கள் வெளியே காற்றோட்டமான இடத்தில், றப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறித் தெறிக்கும். கலக்கும்போதே கொதிப்பது போலச் சுடும், ஆவியை முகராதீர்கள். பாத்திரம் எவர்சில்வராகவோ தடித்த பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். முதல் தடவை நான் அலுமினியச் சட்டியில் கலக்கினேன். பொங்கிக் கறுத்து, சட்டியும் போயிற்று, சவுக்காரமும் போயிற்று.

நுவரெலியாப் பக்கக் குளிருக்கு எண்ணெய் உறைந்திருக்கும், உருக்கிக்கொள்ளுங்கள். எண்ணெயும் சோடாத் தண்ணீரும் கைச்சூட்டை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்போது, சோடாத் தண்ணீரை மெல்ல எண்ணெயில் ஊற்றி மரக்கரண்டியால் விடாமல் கிண்டுங்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகலாம், கை வலிக்கத்தான் செய்யும். தோசைமாப் பதம் வந்து, கரண்டி போன தடம் மேலே தெரிந்தால் பொலித்தீன் விரித்த மரப்பெட்டியில் ஊற்றலாம். இந்தக் கரண்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய்க் கட்டி சீக்கிரம் இறுகும். மறுநாள் வரை வைத்தால் வெட்டும்போது உடையும், இறுகியதும் அன்றைக்கே கையுறையோடு வெட்டுங்கள். பிறகு நாலு கிழமை நிழலில் காற்றாட அடுக்கி வையுங்கள். அதற்கு முன் தோலில் போடக் கூடாது. மேலே வெள்ளைத் தூள் படிந்தால் சுரண்டினால் போதும். தண்ணீர் கசிந்து குழியில் நின்றால், கலவை சரியாகச் சேரவில்லை, அந்தக் கட்டியைப் பாவிக்க வேண்டாம். சரியாக வந்தால் காய்ந்தபின் 100 கிறாம் அளவில் ஆறேழு கட்டி கையில் இருக்கும்.