கேள்வி கேட்க முடிகிற காவல் நிலையம்

அன்பு மருமகளுக்கு,

ஊனமாஞ்சேரிப் பயிற்சி முடிந்து, எஸ்.ஐ.யாக ஒரு ஸ்டேஷனில் சேரப் போகிறாய். வீட்டில் எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான். போலீசை நான் பார்த்ததெல்லாம் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலாக நின்று. அந்தப் பக்கத்திலிருந்து தெரிவதைத்தான் எழுதுகிறேன்.

மக்கள் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்றதும் துறையில் கபடிப் போட்டியும் மருத்துவ முகாமும் நடத்துவார்கள். நடத்தட்டும். ஆனால் சங்கிலியைப் பறிகொடுத்துவிட்டு வரும் ஒரு பாட்டி முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் பாரா போலீசை. "என்ன?" என்று அவர் கேட்கிற தோரணையிலேயே சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் கவுன்சிலரையோ என்னைப் போன்ற வக்கீலையோ கூட்டிக்கொண்டு வருகிறார்கள், தனியாக வந்தால் மதிக்க மாட்டார்கள் என்று. உள்ளே போனால், "இது எங்க லிமிட் இல்லை" என்பார் ரைட்டர். வெள்ளைத்தாள் வாங்கி வரச் சொன்ன ஸ்டேஷனையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விசாரித்துப் பார்க்க வேண்டிய மனுவுக்கு அது சரி. சங்கிலிப் பறிப்புக்குச் சரியில்லை. பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நகல் கையில் இருந்தால் பாட்டி யார் துணையும் இல்லாமல் டி.எஸ்.பி. ஆபீஸ் படியேறி, "என் கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். உன்னையே கேள்வி கேட்கிற வழியை உன் கையாலேயே அவளுக்குக் கொடுக்கிறாய். நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான்.

நம் மாநிலத்தில் வேறொரு வழியும் முயன்று பார்த்தார்கள். 1993-இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப், 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் இளைஞர்களைப் போலீசுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் இரண்டு தரப்புக்கும் நடுவில் இருக்கும் பயம் குறையும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம், மாநிலம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த நண்பர்களுக்குப் போலீசைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எதுவும் இருந்ததில்லை. வாகனச் சோதனையில் தடியோடு நின்று, அதிகாரத்தின் வாலாக அவர்கள் மாறிய இடங்களும் உண்டு.

பிறகு சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறி செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள்; பின்னாலேயே போன அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்து, இருவரையும் அடித்தார்கள். ஜூன் 22 இரவு மகனும் மறுநாள் காலை தந்தையும் இறந்தார்கள். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தன்னார்வலர்கள் மீதும் கேள்வி எழ, ஜூலையில் அரசு அந்த அமைப்பையே தடை செய்தது.

விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், இரவெல்லாம் அடித்ததைப் பார்த்த தலைமைக் காவலர் ரேவதி நடந்ததைச் சொன்னார். சக போலீசார் வெளியே நிற்கும்போது, பயந்துகொண்டே சொன்னார். கையெழுத்துப் போடவும் முதலில் தயங்கினார், பிறகு போட்டார். 27 வருடம் நட்புக் கூட்டம் நடத்தியும் கிடைக்காத மதிப்பை அந்த ஒரு கையெழுத்து காக்கிச்சட்டைக்கு வாங்கித் தந்தது என்பேன். அந்த ஸ்டேஷனின் சிசிடிவியில் பதிவைச் சேமிக்க இடம் இருந்தும், தினம் தினம் தானாக அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சேர்ந்த வாரமே உன் ஸ்டேஷனில் எத்தனை கேமரா ஓடுகிறது, பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று பார். ஓடாவிட்டால் மேலிடத்துக்கு எழுத்தில் அனுப்பு, நகலை நீ வைத்துக்கொள்.

இன்னொன்று, மனசு நொந்து எழுதுகிறேன். கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று, மாவுக்கட்டுப் போட்ட கையோடு படம் வரும். சனம் அதைப் பார்த்துக் கைதட்டும். அந்தக் கைதட்டலை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. கைதட்டுகிறவர் வீட்டுப் பையனை நாளைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டால், அந்தப் படம்தான் அவருடைய கண்முன் வந்து நிற்கும். ஒருவரைக் கைது செய்தால் கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்கு, வீட்டுக்குத் தகவல் சொல், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்து. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் வகுத்த விதிகளை நீ படித்திருப்பாய். ராத்திரி பதினோரு மணிக்கு, "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடலாம்மா" என்று ஒரு சீனியர் சொல்லும்போது அவை ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

நீ சேர்ந்த செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் போன் போடத் தொடங்குவார்கள். பையனை விடச் சொல்வார்கள், வண்டியை விடச் சொல்வார்கள். என் கட்சிக்காரர் யாருக்காகவாவது நானே கூப்பிட்டாலும், "மனுவா எழுதிக் கொடுங்க அத்தை" என்று சொல். எனக்கும் ஒரு ரசீது போடு.

உன் அத்தை