பழைய எஞ்சின் அதிகம் புகைத்தால்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இப்படி நீண்ட காலத்தின் பின் கரைக்குத் திரும்பும் குடும்பங்கள் பலவற்றால் புது எஞ்சின் வாங்க முடிவதில்லை. உறவினர் கொட்டிலில் கிடந்ததையோ கைமாறி வந்த பழையதையோதான் படகில் பூட்டுகிறார்கள். கயிற்றை இழுத்ததும் புகை மண்டுகிறது. “ஒயில் கூடிப்போச்சு” என்று நினைத்து, அடுத்த முறை ஒயிலைக் குறைத்துவிடுகிறார்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். பழைய ரூ ஸ்ரோக் எஞ்சினில் எரிபொருளோடு கலந்து போகும் ஒயில்தான் பிஸ்ரனையும் பெயாரிங்கையும் காக்கிறது. அது குறைந்தால் பிஸ்ரன் சூடேறி சிலிண்டரில் இறுகிவிடும். பெரும்பாலும் இது கரையில் நடக்காது. பாரத்தோடு வேகமாக ஓடும்போது கடலில்தான் நடக்கும். எஞ்சின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் தாம் விரும்பிய பக்கம் கொண்டுபோகும். ஆகவே புகையின் காரணத்தை முதலில் கண்டுபிடியுங்கள்.

சோதிப்பதற்கு முன்

திறந்த வெளியில் சோதியுங்கள். மூடிய கொட்டிலில் இந்தப் புகை உயிரைப் பறிக்கும். எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது. படகைத் தண்ணீரில் இறக்குங்கள். அல்லது பெரிய பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மூழ்கும்படி எஞ்சினின் காலை வையுங்கள். கியர் நடுவில் இருக்கட்டும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம்.

1. எவ்வளவு நேரம் புகைக்கிறது?

எஞ்சின் சில நாள் நின்றால், அல்லது படுக்க வைத்திருந்தால், ஒயில் கீழே தேங்கும். ஸ்ராட் பண்ணியதும் அது எரிந்து நீல வெள்ளைப் புகையாக வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் புகை மெலிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் சூடான பின்னும் அதே அளவு வந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

2. என்ன நிறம், என்ன மணம்?

*நீலம்:* ஒயில் கூடுதலாக எரிகிறது. கலவை பிழையாக இருக்கலாம். அல்லது பழைய கலவையில் பெற்றோல் ஆவியாகி ஒயில் மிஞ்சியிருக்கலாம்.

*வெள்ளை, கண் எரியும் மண்ணெண்ணெய் மணம்:* எரியாத மண்ணெண்ணெய் வெளியேறுகிறது.

*கறுப்பு:* எரிபொருள் கூடுதலாகப் போகிறது. சோக் இறுகியிருக்கலாம், காபரேட்டர் அழுக்காக இருக்கலாம்.

*வெள்ளை, மணம் குறைவு, சூடான பின்னும் ஓயாதது:* சிலிண்டருக்குள் தண்ணீர் போகக்கூடும். குளிர்ந்த காலையில் சிறிது நீராவி வருவது வழமை. ஓயாமல் வருவது வழமை அல்ல.

3. செலவில்லாத திருத்தங்கள் முதலில்

பழைய எரிபொருளை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகக் கலவுங்கள். கண் மதிப்பில் ஊற்ற வேண்டாம். அளவுப் போத்தல் வைத்திருங்கள். 50க்கு 1 என்றால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் ஒயில். 25க்கு 1 என்றால் 400 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினுக்கு எது என்பதைக் கைநூலில் பாருங்கள். கைநூல் இல்லையென்றால் அதே வகை எஞ்சினைத் திருத்தும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம். படகு எஞ்சினுக்கான ரூ ஸ்ரோக் ஒயிலையே வாங்குங்கள். வாகன எஞ்சின் ஒயில் கரி பிடிக்கச் செய்யும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் இதைக் கவனியுங்கள்: பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, நன்றாகச் சூடான பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும்போது, நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுங்கள். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் அது காபரேட்டரில் தங்கிவிடும். அடுத்த நாள் விடிய கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்ராட் வராது. வந்தாலும் வெள்ளைப் புகைதான். பல எஞ்சின்களில் “நோய்” இந்தப் பழக்கம் மட்டுமே.

சோக்கை, எஞ்சின் பிடித்தவுடன் உள்ளே தள்ளுங்கள்.

4. பிளக் சொல்வதைக் கேளுங்கள்

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுப் பிளக்குகளைக் கழற்றுங்கள். எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வையுங்கள். வெளிர் மண்ணிறம் நல்லது. ஒயில் ஈரம் கொண்ட கறுப்பு என்றால் கலவையையோ சோக்கையோ திருத்த வேண்டும். இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்தப் பக்கம் நெருப்பு வரவில்லை. புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். பிளக்கில் தண்ணீர்த் துளியோ உப்போ தெரிந்தால் அந்த எஞ்சினோடு கடலுக்குப் போக வேண்டாம். பிளக் கழற்றிய நிலையில் கயிற்றை இழுக்கவும் வேண்டாம். தெறிக்கும் எரிபொருளில் நெருப்புப் பிடிக்கலாம்.

5. எப்போது மெக்கானிக்கிடம் போவது?

சரியான கலவையும் புதுப் பிளக்கும் போட்ட பின்னும் புகை குறையவில்லை. கயிறு முன்பைவிட இலேசாக இழுபடுகிறது. குளிர்விக்கும் தண்ணீர் பீறிட்டு வருவதில்லை. பிளக்கில் தண்ணீர் இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். றிங் தேய்வு, கெட் கஸ்கட் பழுது, உள் சீல் கசிவு என்பவை வீட்டில் திருத்தக்கூடியவை அல்ல. போகும்போது பழைய பிளக்குகளையும், நீங்கள் கலந்த அளவையும், புகையின் நிறத்தையும், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதையும் எழுதிக் கொண்டு போங்கள். தேவையில்லாமல் எஞ்சினைப் பிரிக்கும் செலவு மிஞ்சும்.

நினைவில் வைக்க

புகை கூடினால் ஒயிலை மதிப்பாகக் குறைக்காதீர்கள், அளந்து சரியாக்குங்கள். திருத்திய எஞ்சினை முதல் நாள் கரையோரமாக ஓட்டிப் பாருங்கள். துடுப்பும், நங்கூரமும், ஒரு துணைப் படகும் கூட இருக்கட்டும்.