பொங்கலுக்கு லீவு, மாசிக்குப் பனி

மார்கழி பிறக்கிறது. சேலையூர் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்கள் மங்கி குல்லாவோடு வரத் தொடங்கிவிட்டார்கள். வெப்பமானி என்னவோ 21 டிகிரி காட்டுகிறது. பெருங்களத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஐ.டி. ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காஷ்மீரின் குல்மார்க் பேச்சு சூடுபிடிப்பதும் இந்த வாரங்களில்தான். ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை போய் ஸ்னோபோர்டில் நிற்கப் பழகியவர்களுக்கு இந்த முறை ஒரு ஆசை கூடுதலாக இருக்கும்: கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி, யாரும் கால் வைக்காத பனியில் இறங்க வேண்டும். பேக்கன்ட்ரி என்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கிற வீட்டாருக்கும் இந்த ஆலோசனை.

முதல் வேலை டிக்கெட். பொங்கல் விடுமுறைக்குப் போட்டிருந்தால் மாற்றுங்கள். ரத்துக் கட்டணம் போனால் போகட்டும். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நான்கு நாள், ஒட்டினாற்போல ஒரு சனி ஞாயிறு, அதற்குள் காஷ்மீர் போய்த் திரும்பிவிடலாம் என்பது நம் ஊர்க் காலண்டரின் கணக்கு. காஷ்மீர்க் குளிருக்குத் தனிக் காலண்டர் இருக்கிறது. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் சில்லாய் கலான், கடுங்குளிர். அடுத்த இருபது நாள் சில்லாய் குர்த், அதன்பின் பத்து நாள் சில்லாய் பச்சா. கடுங்குளிரில் விழும் பனி உருகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பாறையும் மரக்கட்டையும் மறைகிற அளவு ஆழம் சேர்வதற்குப் பெரும்பாலும் ஜனவரிக் கடைசி ஆகிவிடும். 2024 பொங்கலுக்குக் குல்மார்க் போனவர்கள் காய்ந்த புல்லைத்தான் பார்த்தார்கள்; அந்த ஆண்டு நல்ல பனி விழுந்ததே ஜனவரிக் கடைசியில். 2025-இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகளைப் பிப்ரவரியில் நடத்தப் பனி போதவில்லை. தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். தேசியப் போட்டிக்கே தேதி நிற்காத ஊரில் நம் லீவு லெட்டருக்கு என்ன மதிப்பு?

மாசி முதல் இரண்டு வாரம், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து கடைசி வரை, என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி அதிகம் இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், நான்கு நாளாகப் போகாமல் எட்டு ஒன்பது நாளாகப் போவது. புதுப்பனி கொட்டி முடிந்த மறுநாள்தான் மலை மிக அழகாக இருக்கும். மிக ஆபத்தாக இருப்பதும் அன்றுதான். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு குறைந்தது ஒன்றிரண்டு நாள், நிலைமையைப் பொறுத்து அதற்கு மேலும், செங்குத்தான சாய்வுகளின் பக்கம் போகாமல் காத்திருக்க வேண்டும். கையில் மொத்தமே நான்கு நாள் வைத்திருப்பவன் காத்திருக்க மாட்டான். ‘நாளைக்கு ஃபிளைட், இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்’ என்று கிளம்பிவிடுவான். குல்மார்க்கின் அண்மைக்கால விபத்துகளைப் பாருங்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் சிகரப் பகுதியில் பனிச்சரிவு: போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள், பத்தொன்பது வெளிநாட்டவரை மீட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் இறந்தார். இரண்டுமே கனத்த பனிப்பொழிவை ஒட்டி வந்த நாட்களில் நடந்தவை. எனவே அலுவலகத்தில் லீவு கேட்பதானால் இப்போதே கேளுங்கள். குழுவில் ஒருவருக்கு ஐந்து நாளுக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், அவருக்காக எல்லோரும் பயணத்தைச் சுருக்க வேண்டாம். அவர் முன்னதாகத் திரும்பட்டும்.

பனிச்சரிவு நமக்கு அந்நியமான செய்தி இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல் நிலையைப் பனி மூடியபோது புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கே பனிச்சுவர் தானாக இடிந்து விழுந்தது. பொழுதுபோக்குக்காக மலை ஏறுகிறவர்கள் சிக்கும் பனிச்சரிவு அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் அதைக் கிளப்புகிறவர் சிக்குகிறவரோ அவருடன் வந்தவரோதான். சீசன் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, மேகமில்லாத குளிர் இரவுகளில் ஒட்டும் தன்மையை இழந்து சர்க்கரைப் பருக்கை போல உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்று அள்ளிவந்த பனியும் கெட்டித் தகடாகப் படியும். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த இடத்தில் ஓர் ஆளின் எடை விழுந்தால் போதும், தகடு முழுவதும் விரிசல் விட்டு ஒரேயடியாக நழுவும். போர்டு ஓட்ட எல்லோரும் ஆசைப்படுவதும் அதே சாய்வைத்தான். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது. எத்தனை பேர் முன்னால் பத்திரமாக இறங்கினார்கள் என்பதும் சாட்சி ஆகாது. பத்தாவது ஆளின் கீழே விரிசல் விட்டிருக்கிறது.

குல்மார்க்கில் எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டு போங்கள். ஊர் 2,650 மீட்டரில். கொண்டோலா என்னும் கேபிள் காரின் முதல் கட்டம் கொங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வத்தின் தோளில் சுமார் 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். அங்கே ஸ்கீ பேட்ரோல் குழுவினர் கொண்டோலாவை ஒட்டிய பள்ளத்தாக்கை மட்டுமே கண்காணித்து, ஆபத்தான பனியை முன்கூட்டியே உதிர்த்து, திறப்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யார் பொறுப்பும் இல்லை. டிக்கெட் வாங்கி மேலே போக முடிகிறது என்பதால் மலை முழுவதும் திறந்திருக்கிறது என்று எண்ணிவிடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. கொண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டியாயிற்றே என்று வழிகாட்டியிடம் சண்டை போடாதீர்கள்.

சண்டிகரிலுள்ள பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டி.ஜி.ஆர்.இ. மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது; ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும். குல்மார்க் இருப்பது பாரமுல்லா மாவட்டத்தில். இந்த அறிவிப்புகளைப் படிக்கும் பழக்கத்தைக் கிளம்பும் நாளில் தொடங்காமல் தை பிறந்ததுமே தொடங்குங்கள். எந்த வாரம் பனி கொட்டியது, எந்த வாரம் வெயில் அடித்தது என்று தெரிந்தால் அடியில் என்ன படிந்து கிடக்கிறது என்று ஊகிக்க முடியும். ஐந்து படி அளவில் மூன்றாம் படி என்றால் ‘நடுத்தரம்தானே’ என்று தோன்றும். ஐரோப்பாவில் பெரும் எண்ணிக்கையில் உயிர் போவது அந்த மூன்றாம் படியில்தான். நான்கில் வெளியே போகிறவர்கள் குறைவு. இரண்டுக்கு மேல் எது வந்தாலும் கயிற்றுக்குள்ளேயே ஓட்டுங்கள். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, யார் எல்லை தாண்டலாம்? பனிச்சரிவு மீட்புப் பயிற்சி எடுத்தவர்கள், உள்ளூர் வழிகாட்டியோடு. வேறு யாரும் இந்த ஆண்டு வேண்டாம். போர்டே புதிது என்பவர்கள் குல்மார்க்கிலுள்ள இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனத்திலோ, பஹல்காமின் ஜவஹர் நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சி கேட்டுப் பாருங்கள். அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, அதனாலேயே இடமும் சீக்கிரம் நிரம்பும். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். அதையும் இந்த மாதமே வாங்கிவையுங்கள். வழிகாட்டியை இங்கிருந்து அழைத்துப் போகும் ‘குரூப் லீடர்’ என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து போனது. மொத்தத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் என்பது தேனி மலை காய்ந்து கிடக்கும் மாதம் என்று உள்ளூர்க்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். குல்மார்க்கிலும் அப்படித்தான். தாங்மார்க்கிலும் குல்மார்க்கிலும் பிறந்து வளர்ந்த பையன்கள் ஒவ்வொரு ஓடையையும் பெயர் சொல்லி அறிவார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போட்டியிட்ட ஒரே ஆளான ஆரிஃப் கானும் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவர்களில் ஒருவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது.

கருவிகள் மூன்று: டிரான்சீவர், புரோப், மண்வெட்டி. ஆளுக்கொரு முழு செட் வேண்டும், பங்கு போட முடியாது. டிரான்சீவர் 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். புதைந்தவரை மற்றவர்கள் அதை வைத்துத் தேடுவார்கள். புரோப் என்பது மடக்கி நீட்டும் நீளக் கம்பி, குத்திப் பார்த்து இடத்தை உறுதி செய்ய. பனியில் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரை மணி தாண்டினால் பிழைப்பவர்கள் சிலரே. மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. ஆக உங்கள் உயிர் பக்கத்து ஆளின் கையில், அவர் உயிர் உங்கள் கையில். கருவியை வாடகைக்கு எடுத்துவிட்டு அன்றுதான் பொத்தானைத் தேடுகிறவரோடு போவதைவிட ஓட்டல் அறையில் கஹ்வா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மேல். சொந்தமாக வைத்திருப்பவர்கள் இந்த மாதமே முடிச்சூர் பக்கமோ கோவளம் மணலிலோ ஒன்றைப் புதைத்துத் தேடிப் பழகுங்கள். மணலில் தோண்டுவதே எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று தெரியும். நழுவி நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். செல்போனை டிரான்சீவரிலிருந்து குறைந்தது இருபது சென்டிமீட்டர், தேடும்போது ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

உடம்பைத் தயார் செய்ய இரண்டு மாதம் இருக்கிறது. சமதரையில் நடப்பது இதற்குப் போதாது. திருநீர்மலைப் படிகளில் வாரம் மூன்று நாள், முதுகில் எட்டுக் கிலோ தண்ணீர்ப் பாட்டில்களோடு ஏறி இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம், 565 படி. தொடை நோவது இறங்கும்போதுதான், போர்டுக்கு வேண்டிய தசையும் அதுவே. சமநிலைக்குக் கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொள்ளலாம். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளை ஒட்டி, அலையில் நிற்பது போலப் பனியில் நிற்கச் செய்ததிலிருந்துதான் ஸ்னோபோர்டு வளர்ந்தது. அந்த வகையில் ஈ.சி.ஆர். காரர்களுக்கு இமயமலைக்காரர்களைவிட ஒரு அடி முன்தொடக்கம் உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓயும்வரை கடல் முரட்டுத்தனமாக இருக்கும். பயிற்சியாளர் இல்லாமல் இறங்காதீர்கள். ஈஞ்சம்பாக்கத்து ஸ்னோ கிங்டத்தில் ஒரு மணி நேரம் செலவழிப்பது குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும்; மலைக்கு அது பயிற்சி ஆகாது.

விழக் கற்றுக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டு. கையை விரித்து ஊன்றாமல் முழங்கையை மடக்கி முன்கையில் விழ வேண்டும்.

துணி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வது பனியனுக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் ஜாக்கெட்டும். பருத்திப் பனியன் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றதும் உடம்பை உறையவைக்கும். உள்ளே கம்பளியோ பாலியெஸ்டரோ, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத உறை. போர்டும் பூட்டும் குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பனி வெயிலைத் திருப்பி அடிக்கும்; ‘நமக்கெல்லாம் தோல் கறுப்பு, ஒன்றும் ஆகாது’ என்று சன்ஸ்கிரீன் போடாமல் போனவர்கள் மூக்கு உரிந்து திரும்புகிறார்கள்.

தாம்பரம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. காலையில் திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி விமானம் ஏறினால் அன்று மாலையே குல்மார்க்கில் இருக்கலாம். உடம்பு அந்த வேகத்துக்கு வராது. முதல் இரவு ஸ்ரீநகரில் தங்குங்கள். குல்மார்க் போன முதல் நாள் இரண்டாம் கட்டத்துக்கு ஏறாதீர்கள். தலைவலி, குமட்டல் இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படுமுன் தங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் சொன்னார் என்று விழுங்க வேண்டாம். நேரம் இருப்பவர்களுக்கு ரயில் நல்ல வழி: சென்ட்ரலிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகிறது, 2025 ஜூனிலிருந்து கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ஓடுகிறது. பனியால் விமானம் ரத்தாகும் நாட்களில் திரும்பி வரவும் அது கைகொடுக்கும்.

இன்னும் சில. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று சாட்டிலைட் போனோ அது போன்ற செய்திக் கருவியோ எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், குல்மார்க்கோ பாகிஸ்தானுடனான கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகில் இருக்கிறது. சாதாரணப் பயணக் காப்பீடு சாகச விளையாட்டுக்குப் பணம் தராது. பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பல சுற்றுலாத் தலங்களை மூடியதும் திறந்ததும் நினைவிருக்கும். புறப்படும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பாருங்கள்.

காஷ்மீருக்குச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் மேற்குத்தொடர்ச்சி மலை நடையை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். காட்டுத்தீப் பருவம் என்று வனத்துறை பிப்ரவரி நடுவில் மலையேற்றப் பாதைகளை மூடி, ஏப்ரல் நடுவில்தான் திறக்கிறது.

வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு: பிள்ளை கிளம்புமுன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தங்கும் விடுதியின் எண், வழிகாட்டியின் பெயரும் எண்ணும், உடன் போகிறவர்களின் வீட்டு எண்கள், ரத்த வகை, காப்பீட்டு எண். தினமும் எத்தனை மணிக்குள் போன் வரும் என்றும் முடிவு செய்யுங்கள். அந்த நேரம் தாண்டினால் முதலில் விடுதிக்கு, அடுத்து வழிகாட்டிக்கு. அங்கேயும் தகவல் இல்லையென்றால் காவல்துறைக்கு. இங்கிருந்து 112 அடித்தால் நம் மாநிலக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். ஆகவே பாரமுல்லா மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையின் எண்ணையும் அந்தத் தாளிலேயே எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.