எடையும் மதிப்பும்

கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பொன் எடுத்தனர். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. 2001ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. பொன்னின் மதிப்பை எடை சொல்லும். ஒரு குன்றிமணி கூடினாலும் விலை கூடும்.

எடையைக் குறைப்பதனால் மதிப்பு உயரும் பொருளும் உண்டு. அதுவே எடை மிகக் குறைந்த இயந்திரக் கைக்கடிகாரம். அதில் மின்கலம் இல்லை. முறுக்கிய சுருள்வில் மெல்ல விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. சமநிலைச் சக்கரம் முன்னும் பின்னும் அசைந்து அவற்றின் வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது.

ஒரு கன சென்டிமீட்டர் பொன்னின் எடை 19.3 கிராம், டைட்டானியத்தின் எடை 4.5 கிராம். ஆகவே, பொறியாளர்கள் டைட்டானியம், கார்பன் இழை போன்றவற்றை நாடுகின்றனர். தகட்டை அளவுக்கு மீறி மெலிதாக்கினால் அது வளையும். பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. வலிமை குன்றாமல் எடையைக் குறைப்பதே அரிய பணி.

2010இல் சுவிட்சர்லாந்தின் ரிச்சர்ட் மில் நிறுவனம் உருவாக்கிய கடிகாரம், வாருடன் சேர்த்தும் 20 கிராமுக்குக் குறைவு. அதை அணிந்தே ரஃபேல் நடால் டென்னிஸ் ஆடினார்.

இக்கடிகாரத்தின் விலை மூலப்பொருளுக்கு அன்று. பெரிதும் உழைப்புக்கும் நுட்பத்துக்குமே உரியது. பொன்னை எடுத்தவரின் உழைப்போ தராசில் தெரிவதில்லை.

பயிற்சி
1. தகட்டை மிகவும் மெலிதாக்கினால் நேர்வது யாது?
2. 2 கன சென்டிமீட்டர் பொன், டைட்டானியம் ஆகியவற்றின் எடை வேறுபாட்டைக் கணக்கிடுக.
3. ‘உழைப்பு தராசில் தெரிவதில்லை’ – விளக்குக.