ஊர் நூலகமும் நீர்நிலக் காப்பும்

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை தமிழ்நாட்டினுள் நுழையும் இடம் ஜூஜுவாடி. ஒருபுறம் ஒசூர்த் தொழிற்பேட்டை, மறுபுறம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி, சுற்றிலும் ரோஜாத் தோட்டங்களும் கேழ்வரகு வயல்களும் காய்கறிப் பாத்திகளும் அமைந்த எல்லைப் பகுதி இது. எல்லையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். ஆறும் நிலத்தடி நீரும் எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு கர்நாடகத்தைக் கடந்து ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகின்றது. வழியில் பெங்களூர்ப் பெருநகரின் கழிவுநீர் அதனோடு கலக்கின்றது. அண்மை ஆண்டுகளில் மழை மிகுந்து அணையின் மதகுகள் திறக்கப்பட்ட போதெல்லாம் வெண்ணுரை குவியல் குவியலாகப் பொங்கி வந்ததை இப்பகுதியினர் பன்முறை கண்டுள்ளனர். அந்நீரே வாய்க்கால் வழியாக வயல்களுக்குப் பாய்கின்றது. ஆதலின் நீரையும் நிலத்தையும் காப்பது நமக்குப் பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும்.

இதற்கும் நூலகத்திற்கும் என்ன தொடர்பு என அன்பர்கள் வினவக்கூடும். தீங்கு நேர்ந்த பின்னரே அதன் காரணம் நமக்குத் தெரியவருகின்றது என்பதே நம் பெருங்குறை. வேண்டிய அறிவு எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கின்றது. வேண்டிய வேளையில் வேண்டியவரிடம் வந்து சேர்வதில்லை. அதனைச் சேர்ப்பிப்பதே நூலகத்தின் தொழில்.

சங்கமும் நூலகமும்

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய வரலாற்றை நாம் அறிவோம். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்ற அச்சங்கம் சில ஆண்டுகளில் உறுப்பினருக்கென நூலகமும் படிப்பகமும் அமைத்தது. இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கினைக் கல்விக்கென ஒதுக்கியது. 1995-இல் மான்செஸ்டர் நகரில் கூடிய அகில உலகக் கூட்டுறவு மாநாடு, உறுப்பினர் கல்வியோடு சமுதாயத்தின் நிலைத்த நலனில் அக்கறை கொள்வதனையும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றது. ஆகவே நூலகமும் நீர்நிலக் காப்பும் சங்கத்திற்குப் புறம்பானவை அல்ல.

நம் நாட்டிலும் வழிகாட்டிகள் உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் நூலகத்தின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது முதல் விதி. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாம் விதி. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பெற்றது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகின்றது. எனவே நூலகம் நம் பணத்தால் நடப்பது. அதனிடம் பணி கேட்க நமக்கு உரிமையுண்டு.

நூலகம் செய்யத்தக்க பணிகள்

முதலாவது, நீர்க்கணக்கு. நம் அண்டை மாவட்டமாகிய சித்தூரையும் உள்ளிட்ட ஆந்திரத்தின் 7 வறட்சி மாவட்டங்களில், 2003-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உழவரே நிலத்தடி நீரை அளந்து கணக்கிடும் திட்டம் ஒன்று நடைபெற்றது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அதற்குத் துணை நின்றது. ஊரில் மழைமானி வைத்து மழையை அளந்தனர். குறித்த சில கிணறுகளில் நீர்மட்டத்தைப் பார்த்து, அவ்வளவுகளை ஊர்ப் பலகையில் எழுதினர். அடுத்த பருவத்திற்கு எவ்வளவு நீர் எஞ்சும், எண்ணியுள்ள பயிர்களுக்கு எவ்வளவு வேண்டும் எனக் கூடிக் கணக்கிட்டனர். யாரையும் யாரும் தடுக்கவில்லை. கணக்கைக் கண்ணால் கண்ட பலர் தாமே நெல்லைக் குறைத்து, நீர் குறைவாக வேண்டும் பயிர்களுக்கு மாறினர். ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கிய பின் தண்ணீர் இல்லையென அறிவதினும், கடன் வாங்குமுன் அறிவது நன்றன்றோ? நூலகச் சுவரில் ஒரு கரும்பலகையும், முற்றத்தில் ஒரு மழைமானியும், மேசையில் ஒரு பதிவேடும் இருந்தால் இப்பணியைத் தொடங்கலாம்.

இரண்டாவது, விதைக்கடன். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் திரட்டினார். நெல் திருவிழாவில் உழவருக்கு 2 கிலோ விதை வழங்கப்படும். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தருவார். 2018-இல் அவர் மறைந்தார். அவர் பரப்பிய விதைகள் வயல்களில் வாழ்கின்றன. நூலை எடுத்துச் சென்று திருப்பித் தரும் முறையே இதுவும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் 2010-இல் விதைப்பேழை வைத்து இவ்வாறே வழங்கத் தொடங்கினர். நம் பகுதியில் கேழ்வரகு, அவரை, கொள்ளு ஆகியவற்றைக் கொண்டு தொடங்குதல் தக்கது. இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை ஆதலின் வகை கலவாது. கம்பு, மக்காச்சோளம், பூசணி முதலியவை அயல் மகரந்தத்தால் கலந்துவிடும். அவற்றைத் தொலைவில் தனித்துப் பயிரிட்டு விதையெடுக்கத் தெரிந்தவரே கையாள வேண்டும். ஒவ்வொரு விதைப்பொதியின் மீதும் வகை, கொடுத்தவர், விளைந்த நிலம், அறுவடை மாதம் ஆகிய நான்கும் எழுதப்பெற வேண்டும்.

மூன்றாவது, நஞ்சும் சாயமும் பற்றிய அறிவு. பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டில் ஒரு வண்ண முக்கோணம் உண்டு. சிவப்பு கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. எழுத்தறியாதவருக்கும் பயன்படவேண்டியே இக்குறி வைக்கப்பட்டது. எனினும் மருந்தடிக்கும் தொழிலாளருள் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்? பெரிய எழுத்தில் ஒரு படம் எழுதி நூலக வாயிலில் மாட்டுதல் அரிதன்று.

நெசவாளர் அறியவேண்டுவதும் உண்டு. உடலுக்குத் தீங்கான சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் விலக்கியது. இந்திய அரசும் 1990-களில் 112 சாயங்களைத் தடை செய்தது. அப்பட்டியல் தமிழில் ஊர் நூலகத்தில் இருந்தால், சாயம் வாங்கப் புறப்படுபவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருப்பூரின் பாடத்தையும் நாம் மறத்தலாகாது. பருத்திச் சாயத்தொட்டியில் இடும் உப்பு, சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. அது நொய்யலில் சேர்ந்தது. ஒரத்துப்பாளையம் அணைநீரும் அதனைச் சூழ்ந்த நிலமும் கெட்டன. 2011-இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உழவர் நிலத்தை இழந்தனர். தொழிலாளர் வேலையை இழந்தனர். நெசவும் பயிரும் ஒரே நீரை நம்பியவை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

நான்காவது, ஊர்ப்பதிவு. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையிலுள்ள பயிர், மரம், மூலிகை, கால்நடை, நீர்நிலை ஆகியவற்றை மக்களிடம் கேட்டுப் பதிவேடாக்க வேண்டும். அதன் படி ஒன்று நூலகத்தில் இருத்தல் வேண்டும். நீர், மண் ஆய்வு முடிவுகளையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தால் கேட்டுப் பெற்று ஆண்டுவாரியாகக் கோக்கலாம்.

எல்லையும் இடர்களும்

நூலகம் எல்லாவற்றையும் செய்துவிடும் என நாம் கூறவில்லை. தென்பெண்ணையின் நுரையை நிறுத்துதல் இரு மாநில அரசுகளின் கடமை. அதனை ஒரு நூலகரால் நிறுத்தவியலாது. ஆயினும், நீர் கெட்டது என்னும் வாய்முறைப்பாட்டினும், இன்ன நாளில் இன்ன வாய்க்காலில் இவ்வாறு இருந்தது எனத் தேதியிட்ட பத்தாண்டுப் பதிவேடு எந்த மன்றத்திலும் எடையுடையது.

நம் பகுதிக்குரிய இடர்களும் உள. இங்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. நூலும் பலகையும் ஒரு மொழியில் மட்டும் இருப்பின் பாதி ஊருக்குப் பயன்படா. தோட்ட வேலைக்கும் ஆலை வேலைக்கும் செல்வோர் திரும்புமுன் நூலகம் பூட்டப்பட்டால் நூல் இருந்தும் இல்லாததே. ஒரே ஊழியர் உள்ள நூலகத்தின்மீது எல்லாச் சுமையையும் ஏற்றுதலும் முறையன்று. இவ்விடத்தில்தான் சங்கம் தோள்கொடுக்க வேண்டும்.

சங்கங்கள் உடனே செய்யத்தக்கவை மூன்று. கல்விக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதிக்கு உழவு, நெசவு, நீர் பற்றிய நூல்களை வாங்கி ஊர் நூலகத்திற்கு அளித்தல்; மழையளவும் கிணற்று நீர்மட்டமும் எழுத இரண்டு இளம் உறுப்பினரை அமர்த்துதல்; மாதம் ஒருநாள் மாலையில் நூலகத்தில் கூடி, எழுதியவற்றைப் படிக்கத் தெரியாதவருக்கும் உரக்கப் படித்துக் காட்டுதல்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊர் நூலகம் எந்நேரம் திறந்திருக்கின்றது? அந்நேரம் யாருக்கு வசதி, யாருக்கு வசதியன்று?

2. சென்ற ஐந்தாண்டுகளில் நம் ஊரில் வற்றிய கிணறுகள் எத்தனை? அக்கணக்கு எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா?

3. நம் பெற்றோர் விதைத்து, இன்று நம்மிடம் இல்லாத விதைகள் யாவை? அவை இன்னும் எவர் வீட்டில் உள்ளன?

4. நம் சங்கம் வாங்கும் சாயங்களின் பெயரையும் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோமா?

விடைகளைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுக. அக்குறிப்பேட்டை நூலகத்தில் வைக்குக. நம் ஊர் நீர்நிலப் பதிவின் முதல் ஏடு அதுவே ஆகும்.