‘கடலை இல்லம்மா, தைரியமா கொடுங்க’

போன மாதம் ஊருக்குப் போகிற வழியில் ஓர் ஓட்டலில் இறங்கினோம். “சட்னியில கடலை இருக்காப்பா?” என்று கேட்டேன். “இல்லம்மா, தைரியமா கொடுங்க” என்றார் பரிமாறிய தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. பொட்டுக்கடலை சேர்க்கவில்லை என்று சொன்னார். மல்லிச் சட்னியில் அரைத்திருந்தது வறுத்த வேர்க்கடலை. முதலில் நான் தொட்டுப் பார்த்ததால், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள என் இரண்டரை வயது மகள் தப்பித்தாள்.

கேட்டுவிட்டால் போதும் என்பதுதான் நம்மிடம் உள்ள முதல் நம்பிக்கை. எந்தச் சொல்லால் கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். கடலை மாவு கடலைப்பருப்பில் அரைப்பது. கடலை மிட்டாயும் கடலை எண்ணெயும் நிலக்கடலை. சட்னிக்குக் கடலை என்றால் பல வீடுகளில் பொட்டுக்கடலை. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் அதே நிலக்கடலை மல்லாட்டை ஆகிவிடும், யாழ்ப்பாணத்தில் கச்சான். அதனால் இப்போது உரித்த வேர்க்கடலையின் படத்தைக் கைபேசியில் வைத்திருக்கிறேன். சமையற்கட்டு வாசல் வரை போய், மாஸ்டரிடமே காட்டிக் கேட்கிறேன். “எந்த எண்ணெய்ல தாளிச்சீங்க? இதே மிக்ஸி ஜார்லயா அரைச்சீங்க?” செக்கெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். புளியோதரை, எலுமிச்சை சாதம் பக்கமே போவதில்லை, கோயில் பிரசாதமானாலும். பாக்கெட் தின்பண்டத்தில் நிலக்கடலை இருந்தால் அதை அச்சிட்டாக வேண்டும் என்பது சட்டம். ரயிலில் தட்டில் வருகிற வடைக்கு லேபிள் ஏது?

“கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்மா.” கோவில்பட்டியில் ரயில் நின்றபோது கடலை மிட்டாய் வாங்கி, ஒரு துண்டை உடைத்து என் மகளிடம் நீட்டிய பெரியம்மா சொன்னது. அவ்வளவு பிரியமாகச் சொன்னார். இந்த நம்பிக்கைக்கு ஓர் ஆய்வையும் துணைக்கு அழைக்கிறார்கள். 2015-இல் வெளியான லீப் ஆய்வு, 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு நிலக்கடலை உணவைக் கொடுத்துவந்தால் ஒவ்வாமை வருவது பெருமளவு குறைகிறது என்று காட்டியது உண்மைதான். ஆனால் அது வராமல் தடுப்பதற்கான வழி. தோல் சோதனையிலேயே பெரிய தடிப்பு காட்டிய குழந்தைகளை அதில் சேர்க்கவே இல்லை. ஒவ்வாமை வந்துவிட்ட பிள்ளையைப் பழக்குவது மருத்துவர் கண்காணிப்பில் அளந்து செய்கிற சிகிச்சை. ரயில் பெட்டியில் செய்து பார்க்க முடியாது.

சானிடைசர் தடவினால் கை சுத்தம் என்பதும் தவறு. அது கிருமியைக் கொல்லும். கடலைப் புரதம் கையிலேயே இருக்கும். சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஈரத் துடைப்பான். இருக்கையையும் துடைத்துவிடுங்கள், இந்த வயதில் கை எப்போதும் வாயில்தான்.

என்னை மிகவும் பயமுறுத்துகிற நம்பிக்கை இன்னொன்று: “போன தடவை லேசா தடிச்சுதுதானே, செட்டிரிசின் சிரப் இருக்கே.” போன தடவை லேசாக வந்தது என்பதற்காக அடுத்த தடவையும் லேசாகத்தான் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிரப் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். மூச்சுத்திணறலையோ ரத்த அழுத்தம் விழுவதையோ நிறுத்தாது. அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தொண்டை அடைக்கிறது என்று இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. நாக்கைச் சுரண்டும், திடீரென்று இருமும், குரல் கரகரக்கும், வாந்தி எடுக்கும், துவண்டு சாயும். அப்போது தோளில் போட்டுக்கொண்டு ஓடத்தான் நமக்குத் தோன்றும். ஓடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் காலை நீட்டி உட்காரவையுங்கள். சாலையில் என்றால் 108, ரயிலில் என்றால் 139. தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து ஊசி மருந்து, அளவு, போடும் முறை எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் பூட்டிய காரில் அதை விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஊசி மருந்து இருக்கும் எங்கள் சிவப்புப் பை சீட்டுக்கு அடியில் போவதே இல்லை. இரவு ரயிலில் என் தலைமாட்டில் இருக்கும். நான் தூங்கிவிட்டாலும் அது எங்கே இருக்கிறது என்று அவளுடைய அப்பாவுக்கும் பாட்டிக்கும் தெரியும்.