பழைய கணிப்பொறிக்கு ஏற்ற ஷெல்லைத் தெரிதல்

பணிகொள்ளுதற்குரியாரை ஆராய்ந்து தெளிதலையும், தெளிந்தபின் ஏற்ற வினையில் அமர்த்தலையும் திருவள்ளுவனார் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களாக வகுத்தார். மக்கட்கு உரைத்த அம்முறை பொறிகட்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வாம்.

விசைப்பலகையில் நாம் எழுதும் கட்டளையைப் பெற்று, அதற்குரிய நிரலை அழைத்து இயக்கும் ஏவலனே ஷெல் எனப்படும். கமடோர் நிறுவனத்தார் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட அமிகா என்னும் வீட்டுக் கணிப்பொறிக்கு ஷெல்கள் பல உண்டு. அப்பொறியை இன்றும் பேணுவோர் எதனைக் கொள்வது?

முதற்கண் பொறியின் வலியறிதல் வேண்டும். 1987-இல் வந்த அமிகா 500 வாங்கும்போது 512 கிலோபைட் நினைவகமே உடையது. அதன் பிளாப்பி வட்டு 880 கிலோபைட் கொள்ளும். தொடக்கத்து ஏவலனாகிய ஸி.எல்.ஐ., கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய டிரைபாஸ் அமைப்பின் வழிவந்தது. கோப்புக்களின் பட்டியலைக் காட்டும் சிறு கட்டளையும் அதற்கு வட்டிலேயே இருந்தது. ஆகலின் வட்டியக்கி ஒன்றே உடையார், தம் வட்டிலுள்ளவற்றைக் காண்டற்கும் அமைப்பு வட்டை இட்டு மாற்றவேண்டியவராயினர். இட்ட கட்டளையில் ஓரெழுத்துப் பிழைப்பினும் வரி முழுதையும் மீண்டும் எழுதல் வேண்டும்.

1988-இல் வந்த 1.3-ஆம் பதிப்பின் ஷெல் இக்குறைகளைப் பெரிதும் நீக்கிற்று. முன்னிட்ட கட்டளையை அம்புக்குறி விசையால் மீட்கவும், திருத்தவும், நெடுங்கட்டளைக்குக் குறும்பெயரிடவும் இயன்றது. 'ரெஸிடென்ட்' என்னும் கட்டளை வேண்டும் நிரல்களை நினைவகத்திலேயே நிறுத்தும். எனினும் நிறுத்திய ஒவ்வொன்றும் நினைவகத்தில் தன் பங்கைக் கொள்ளும் என்க. 1990-இல் வந்த 2.0-ஆம் பதிப்போ, கோப்புறை மாற்றல் முதலிய சில கட்டளைகளை ஷெல்லினுள்ளேயே அமைத்தது.

பிறர் இயற்றியனவும் உள. மாத்யூ டில்லன் இயற்றிய ஸி-ஷெல் யூனிக்ஸ் நெறியைத் தழுவியது. பல கட்டளைகளைத் தன்னகத்தே கொண்டது. வில்லியம் ஹாஸ் இயற்றிய டபிள்யூ-ஷெல், அவரே ஆக்கிய ஏரெக்ஸ் மொழியோடு நன்கு இயைவது.

இனித் தெரியுமாறு கூறுவாம். சிறு நினைவகமும் ஒரே வட்டியக்கியும் உடையார்க்கு 1.3-இன் ஷெல்லும், ரெஸிடென்டாக நிறுத்திய இரண்டு மூன்று கட்டளைகளுமே போதும். நினைவகம் பெருக்கி வன்வட்டும் இணைத்தார் 2.0-இன் ஷெல்லைக் கொள்க. பல நிரல்களை ஒருங்கே ஏவ விழைவார்க்கு டபிள்யூ-ஷெல்லும், யூனிக்ஸில் பயின்றார்க்கு ஸி-ஷெல்லும் இனியன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பல கோப்புக்களை ஒருங்கு சுட்ட அமிகாவின் வழக்கு '#?' என்பது, யூனிக்ஸ் வழக்கு '*' என்பது. ஒரு நெறியிற் பழகிய கை மற்றொன்றில் அழித்தற் கட்டளை இடின் மீளா இழப்பு நேரலாம். பழைய வட்டுக்களில் உள்ள கடிதங்களும் ஓவியங்களும் பிறிதோரிடத்தும் இல்லாதனவாகலாம்; அவ்வட்டுக்களோ ஆண்டுதோறும் நலிவன. ஆதலின் படியெடுத்த வட்டிலேயே புதிய ஷெல்லைப் பழகுக. பொறி தொடங்குங்கால் இயங்கும் கட்டளைத் தொகுதியைப் பழைய ஷெல்லிடமே விடுக.

ஆற்றல் மிக்க ஏவலனைக் காட்டிலும், இல்லத்தின் அளவறிந்து, ஒப்படைத்த பொருளைக் காக்கும் ஏவலனே சிறந்தவன். ஷெல்லைத் தெரிதற்கும் அளவுகோல் அதுவே.